ஆடியோ கன்ட்ரோலரின் பதிவகங்களுக்கு ஃபர்ம்வேரில் பெயர் வைப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

ஒரு ஃபர்ம்வேர் நிரலில், அதாவது கணினியை இயங்கத் தொடங்க வைக்கும் அடிநிலை நிரலில், ஆடியோ கன்ட்ரோலரைத் தொடும் இடங்களிலெல்லாம் வெறும் எண்களாகக் கிடந்த முகவரிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை எனக்கு வந்தபோது, அது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. நான் வைத்த பெயர்களில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் பெயர் வைத்து முடித்த பிறகு ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. பதிவகத்துக்குப் பெயர் வைப்பது என்றால் ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லை எழுதுவது என்று நான் எண்ணியதே காரணம். அந்தப் பதிவகம் எத்தனை பிட் அகலம் உடையது, அதில் 1 எழுதினால் பிட் அமைகிறதா அழிகிறதா, பக்கத்தில் யார் குடியிருக்கிறார் என்ற மூன்று செய்திகளும் பெயரோடு சேர்ந்து, பெயர்களை வரையறுக்கும் ஹெடர் கோப்பில் ஏறாவிட்டால், அந்தப் பெயரை நம்பி எழுதும் அடுத்தவர் விழுவது உறுதி.

இங்கே எடுத்துக்கொள்வது கணினிகளில் பரவலாக உள்ள இன்டெலின் ஹை டெஃபனிஷன் ஆடியோ கன்ட்ரோலர், சுருக்கமாக எச்டிஏ. பதிவகம் என்று எழுதுவது வேலையிடத்தில் நாம் ரெஜிஸ்டர் என்று சொல்வதையே: வன்பொருளை இயக்கவும் அதன் நிலையை அறியவும் நிரல் எழுதிப் படிக்கும் சிறு இடம். பதிவகப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன்; உங்கள் கோப்பில் ஆவணத்தில் உள்ள எழுத்துகளே இருக்க வேண்டும். பதினாறடிமான எண்களின் முன்னே ஹெக்ஸ் என்று போட்டிருக்கிறேன்.

1. முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள்

நான்கு ஆவணங்கள் தேவை. முதலாவதும் முதன்மையானதும் எச்டிஏ விவரக்குறிப்பு. 2004-இல் வந்த 1.0 பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். 2010 ஜூனில் வந்த 1.0ஏ பதிப்பை எடுங்கள். இன்டெல் இதைக் கட்டணமின்றியே தருகிறது. பதிவு, ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை. யாராவது இதைப் பணத்துக்கு விற்றால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் சிப்செட்டின் டேட்டாஷீட். விவரக்குறிப்பு எல்லாத் தயாரிப்புக்கும் பொதுவான பதிவகங்களைச் சொல்கிறது. பிசிஐ அமைப்புவெளியில் (பிசிஐ பஸ்ஸில் உள்ள சாதனத்தை அடையாளம் கண்டு அமைப்பதற்கான முகவரிவெளி) உள்ள தனிப்பட்ட பதிவகங்களை டேட்டாஷீட்தான் சொல்லும். பழைய சிப்செட்களின் டேட்டாஷீட்கள் பொதுவில் கிடைக்கின்றன. சில புதியவற்றுக்கு ரகசிய ஒப்பந்தம் கேட்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அப்படிப் பெற்ற ஆவணத்தில் மட்டுமே உள்ள பெயர்களைத் திறந்த மூல நிரலில் எழுதலாமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அதே சிப்செட்டின் பிழைத்திருத்தப் பட்டியல். டேட்டாஷீட்டில் அச்சாகிவிட்ட தவறான ஆஃப்செட்கள் (வெளியின் தொடக்கத்திலிருந்து பதிவகம் இருக்கும் தூரம்) திருத்தப்படும் இடம் இது. நான்காவது, எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் கோடெக் சிப்பின் டேட்டாஷீட். கன்ட்ரோலரின் பதிவகங்களுக்குப் பெயர் வைக்க இது வேண்டியதில்லை, கடைசியில் ஒலி வருகிறதா என்று சோதிக்கும்போதுதான் உதவும். அது கிடைக்கவில்லை என்று வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

லினக்ஸ் கர்னலில் இந்தக் கன்ட்ரோலருக்கான ஹெடர் ஏற்கெனவே இருக்கிறதே, அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாமே என்று தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல துணை. ஆனால் அது ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது; உங்கள் ஃபர்ம்வேரின் உரிமம் வேறாக இருந்தால் சிக்கல். பெயர்களை விவரக்குறிப்பிலிருந்தே எடுத்து எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

2. இரண்டு முகவரிவெளிகளைக் கலக்காதீர்கள்

எச்டிஏ கன்ட்ரோலர் ஒரு பிசிஐ சாதனம். வகைக் குறியீடு ஹெக்ஸ் 04, துணைவகை ஹெக்ஸ் 03. ஆகவே அதற்கு இரண்டு வகைப் பதிவகங்கள் உண்டு: பிசிஐ அமைப்புவெளியில் இருப்பவை, நினைவகத்தில் வரைபடமாக்கப்பட்ட பகுதியில் இருப்பவை. இரண்டும் சுழியத்திலிருந்தே எண்ணத் தொடங்குவதுதான் தொல்லை. அமைப்புவெளியில் ஹெக்ஸ் 04 என்பது கட்டளைப் பதிவகம். நினைவகப் பகுதியில் அதே எண் வெளியீட்டுக் கொள்ளளவைச் சொல்லும் பதிவகம். அங்கே ஹெக்ஸ் 10 என்பது அடிப்படை முகவரி. இங்கே அது பொது நிலைப் பதிவகம். இன்டெலின் ஐசிஎச் வரிசைச் சிப்செட்களில் ஹெக்ஸ் 44 என்பது அமைப்புவெளியில் போக்குவரத்து வகையைத் தேர்ந்தெடுக்கும் பதிவகம். நினைவகப் பகுதியிலோ அது கட்டளை வரிசை முகவரியின் மேற்பாதி.

ஆகவே பெயரின் முன்னொட்டிலேயே வெளி தெரிய வேண்டும். அமைப்புவெளிப் பெயர்கள் அனைத்துக்கும் ஒரு முன்னொட்டும் நினைவகப் பெயர்கள் அனைத்துக்கும் வேறொரு முன்னொட்டும் கொடுத்து, முடிந்தால் இரண்டு தனிக் கோப்புகளிலேயே வையுங்கள். அடிப்படை முகவரியைப் படித்ததும் அதன் கடைசி நான்கு பிட்கள் முகவரி அல்ல, அடையாளக் கொடிகள் என்பதால் அவற்றை நீக்கும் மாஸ்க்குக்கும் (வேண்டாத பிட்களைச் சுழியமாக்கும் எண்) ஒரு பெயர் வையுங்கள். நினைவக அணுகலையும் பஸ் மாஸ்டரையும் (சாதனம் தானே நினைவகத்தைப் படித்து எழுதுவது) இயக்கும் கட்டளைப் பதிவகப் பிட்கள் முறையே 1, 2. இவற்றுக்கு நீங்கள் புதிதாகப் பெயர் வைக்க வேண்டாம். உங்கள் ஃபர்ம்வேரின் பொதுப் பிசிஐ ஹெடரில் நிச்சயம் இருக்கும்.

3. பட்டியலை எழுதும்போது அகலத்தையும் நடத்தையையும் சேர்த்தே எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஆஃப்செட், அகலம், பெயர், எழுதும் நடத்தை. இந்த அட்டவணையை முடிக்காமல் ஹெடர் கோப்பைத் திறக்க வேண்டாம். எனக்கு அட்டவணை போட நான்கு மணி நேரம் ஆயிற்று. முதலில் அதைத் தவிர்த்ததால் போனது ஆறு நாள். தொடக்கத்தில் தேவைப்படுபவை இவை:

- ஹெக்ஸ் 00, 16 பிட்: ஜிகேப். கன்ட்ரோலரின் திறன்கள். படிக்க மட்டும்.
- ஹெக்ஸ் 08, 32 பிட்: ஜிசிடிஎல். பொதுக் கட்டுப்பாடு. பிட் 0 ரீசெட்.
- ஹெக்ஸ் 0சி, 16 பிட்: வேக்என். எந்தக் கோடெக் எழுப்பலாம் என்பது.
- ஹெக்ஸ் 0இ, 16 பிட்: ஸ்டேட்எஸ்டிஎஸ். எந்தக் கோடெக்குகள் இருக்கின்றன என்பது. 1 எழுதினால் பிட் அழியும்.
- ஹெக்ஸ் 20, 32 பிட்: இன்ட்சிடிஎல். குறுக்கீடுகளின் கட்டுப்பாடு.
- ஹெக்ஸ் 40 முதல் 4இ வரை: கார்ப் எனப்படும் கட்டளை வரிசையின் பதிவகங்கள்.
- ஹெக்ஸ் 50 முதல் 5இ வரை: ரிர்ப் எனப்படும் பதில் வரிசையின் பதிவகங்கள்.
- ஹெக்ஸ் 60, 64, 68: வரிசையில்லாமல் நேரடியாகக் கட்டளை அனுப்பும் வழி.
- ஹெக்ஸ் 80 முதல்: ஸ்ட்ரீம், அதாவது ஒலித்தரவு ஓடை ஒவ்வொன்றின் பதிவகங்கள்.

மூன்றாம், நான்காம் வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். வேக்என் 16 பிட்; அதை ஒட்டியே ஸ்டேட்எஸ்டிஎஸ். எங்கள் நிரலில் இருந்த உதவிச் சார்புகள் எல்லாம் 32 பிட்டாகப் படித்து எழுதுபவை. நான் வேக்என் என்று அழகாகப் பெயர் வைத்து, அந்தச் சார்பைக் கொண்டே படித்து, ஒரு பிட்டை மாற்றி, திருப்பி எழுதினேன். படித்த மதிப்பின் மேற்பாதியில் ஸ்டேட்எஸ்டிஎஸ்-இன் 1-கள் இருந்தன. அவற்றை அப்படியே திருப்பி எழுதியதும், 1 எழுதினால் அழியும் என்ற விதிப்படி, கண்டுபிடிக்கப்பட்ட கோடெக்குகளின் அடையாளம் முழுவதும் அழிந்தது. அடுத்த வரியில் நிரல் கோடெக் எதுவும் இல்லை என்று முடிவு செய்து அமைதியாக வெளியேறியது. பிழைச் செய்திகூட வரவில்லை.

இதே பொறி இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. கார்ப் கட்டுப்பாடு ஹெக்ஸ் 4சி, அதன் நிலை 4டி, அதன் அளவு 4இ. மூன்றும் 8 பிட், மூன்றும் ஒரே 32 பிட் சொல்லுக்குள். ரிர்ப் பதிவகங்களும் 5சி முதல் அப்படியே. இவற்றை விட மோசமானது ஸ்ட்ரீம் கட்டுப்பாடு: அது 24 பிட், அதாவது 3 பைட். சி மொழியில் அந்த அளவுக்கு ஒரு வகையே கிடையாது. நான்காவது பைட்டில் ஸ்ட்ரீமின் நிலைப் பதிவகம் உட்கார்ந்திருக்கிறது, அதன் பிட்கள் 2, 3, 4 மூன்றும் 1 எழுதினால் அழிபவை. 32 பிட்டாக எழுதியே ஆக வேண்டும் என்றால் மேல் பைட்டைச் சுழியமாக்கும் மாஸ்க்குக்குப் பெயர் வைத்து, எழுதும் ஒவ்வொரு முறையும் அதைப் பயன்படுத்துங்கள். அதைவிட, கீழ் 8 பிட்டுக்கு ஒரு பெயரும் மூன்றாவது பைட்டுக்கு ஒரு பெயரும் தனித்தனியாகக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: ஓட்டம், ரீசெட், குறுக்கீடு எல்லாம் முதல் பைட்டிலும் ஸ்ட்ரீம் எண்ணும் திசையும் மூன்றாவது பைட்டிலும் இருப்பதால் இந்தப் பிரிவு இயல்பாகவே பொருந்துகிறது.

அகலத்தை ஹெடரில் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு வரியின் முடிவிலும் கருத்துரையாக எழுதலாம். ஆனால் கருத்துரையைக் கம்பைலர் படிப்பதில்லை. ஒவ்வொரு அகலத்துக்கும் தனிப் படிப்புச் சார்பும் எழுத்துச் சார்பும் வைத்து, 16 பிட் பதிவகத்தின் பெயரை 16 பிட் சார்புடன் மட்டுமே பயன்படுத்துவது என்று குழுவில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கட்டமைப்பு ஒன்றை வரையறுத்து அதன் உறுப்புகளாகப் பதிவகங்களை வைக்கும் பழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வோர் உறுப்பின் ஆஃப்செட்டும் சரிதானா என்று கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் வரிகளைச் சேர்க்க வேண்டும்; பிட்-உறுப்புகளை மட்டும் தொடவே வேண்டாம், ஏனெனில் அவை எந்த வரிசையில் அடுக்கப்படும் என்பதை சி மொழித் தரநிலை கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

4. பெயரை நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள்

விவரக்குறிப்பில் உள்ள சுருக்கப் பெயர் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதையே வையுங்கள். அடுத்தவர் அந்தச் சொல்லைக் கொண்டுதான் ஆவணத்தில் தேடுவார். ஜிசிடிஎல்-ஐ விட முதன்மைக் கட்டுப்பாடு என்று விரித்து எழுதினால் புரியுமே என்று எனக்கும் தோன்றியது; மறுஆய்வு செய்தவர் அதை ஏற்காதது நியாயமே.

ஒரே பதிவகத்துக்கு இரண்டு ஆவணங்கள் இரு பெயர் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஹெக்ஸ் 60, 64, 68 ஆகியவற்றை விவரக்குறிப்பு ஐசிஓஐ, ஐசிஐஐ, ஐசிஐஎஸ் என்கிறது. சிப்செட் டேட்டாஷீட்களோ ஐசி, ஐஆர், ஐஆர்எஸ் என்கின்றன. நான் எடுத்துக்கொண்ட பழைய நிரலில் ஐசிஐஐ என்ற பெயர் ஹெக்ஸ் 68-க்குச் சூட்டப்பட்டிருந்தது. விவரக்குறிப்பின்படி அந்தப் பெயருக்கு உரியது 64. நிரல் சரியாகவே ஓடியது, ஏனெனில் எண் சரி. ஆவணத்தைப் பார்த்துப் பிட்களைச் சரிபார்க்கப் போனவர்தான் தவறான பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஹெடரின் தலையில் எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்பின் பெயர்கள் இவை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

5. பிட்களுக்கும் பெயர் வையுங்கள், 31-ஆவது பிட்டில் கவனம்

பதிவகத்துக்குப் பெயர் வைத்து, அதில் எழுதும் மதிப்பை வெறும் எண்ணாகவே விட்டுவிடுவது பாதி வேலை. பிட் பெயர் அதன் பதிவகப் பெயருடன் தொடங்க வேண்டும். ரீசெட் என்று மட்டும் பெயர் வைத்தால், ஜிசிடிஎல்-இன் பிட் 0 ரீசெட்டா, ஸ்ட்ரீமின் பிட் 0 ரீசெட்டா, கார்ப் படிப்புச் சுட்டியின் பிட் 15 ரீசெட்டா என்று தெரியாது. மூன்றும் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு. முதலாவது வேறுபாடு கவனத்துக்குரியது: ஜிசிடிஎல்-இல் 0 என்றால்தான் ரீசெட் நிலை, 1 என்றால் இயக்கம். ஸ்ட்ரீமில் நேர்மாறாக 1 என்றால் ரீசெட்.

இன்ட்சிடிஎல்-இன் பிட் 31 எல்லாக் குறுக்கீடுகளையும் திறக்கும் பொதுச் சாவி. 1-ஐ 31 இடம் இடப்புறம் நகர்த்துவதாக எழுதும்போது அந்த 1 குறியற்ற எண்ணாக இருக்க வேண்டும். குறியுடைய 32 பிட் எண்ணில் அந்த நகர்வுக்குத் தரநிலையில் வரையறையே இல்லை. நடைமுறையில் அது எதிர்ம எண்ணாகி, 64 பிட்டுக்கு விரியும்போது மேல் 32 பிட்களும் 1 ஆகிவிடும்.

ஒன்று குறைத்து எழுதப்படும் புலங்களையும் பெயரில் அல்லது கருத்துரையில் காட்டுங்கள். ஸ்ட்ரீம் வடிவப் பதிவகத்தில் இரண்டு ஒலித்தடம் என்றால் 1 எழுத வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரு தடம் என்பது ஹெக்ஸ் 0011. கடைசிச் செல்லுபடி எண் எனும் எல்விஐ-யும் அப்படியே. ஒலித்தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடையகப் பட்டியலில் குறைந்தது இரண்டு வரிகள் வேண்டும் என்பதால் அது 1-க்குக் கீழே போகக் கூடாது.

6. ஸ்ட்ரீம் பதிவகங்களுக்கு எண் அல்ல, கணக்கு

ஸ்ட்ரீம்கள் ஹெக்ஸ் 80-இல் தொடங்கி ஒவ்வொன்றும் ஹெக்ஸ் 20 இடம் எடுத்துக்கொள்கின்றன. முதலில் உள்ளீடுகள், பிறகு வெளியீடுகள், கடைசியில் இருவழி. ஆகவே முதல் வெளியீட்டின் முகவரி சிப்புக்குச் சிப்பு மாறும். ஜிகேப்பின் பிட்கள் 11 முதல் 8 வரை உள்ளீடுகளின் எண்ணிக்கை; 15 முதல் 12 வரை வெளியீடுகளின் எண்ணிக்கை. ஜிகேப் ஹெக்ஸ் 4401 என்று வந்தால் நான்கு உள்ளீடு, நான்கு வெளியீடு; முதல் வெளியீடு ஹெக்ஸ் 100. இந்த 100-ஐப் பெயராக்கி ஹெடரில் உறையவைத்துவிட்டு, உள்ளீடுகளின் எண்ணிக்கை வேறாக உள்ள சிப்பில் ஓட்டினால், நீங்கள் எழுதுவது வேறு ஒரு ஸ்ட்ரீமில் போய் விழும்.

எனவே மேக்ரோ எழுதுவீர்கள். எழுதும்போது அதன் அளவுருவைச் சுற்றி அடைப்புக்குறி போட மறக்காதீர்கள். நான் மறந்தேன். உள்ளீடுகளின் எண்ணிக்கையோடு வரிசை எண்ணைக் கூட்டி அளவுருவாகக் கொடுத்தபோது, பெருக்கல் வரிசை எண்ணுக்கு மட்டும் பொருந்தி, விடை ஹெக்ஸ் 80 கூட்டல் 4, அதாவது 84 ஆயிற்று. அது முதல் உள்ளீட்டின் தற்போதைய இடத்தைக் காட்டும் பதிவகம். படிக்க மட்டுமே ஆனது. எழுதியதை எல்லாம் வன்பொருள் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

7. காத்திருப்பு நேரங்களும் பெயர் பெற வேண்டியவையே

ரீசெட்டுக்கு 0 எழுதியதும் அதை 0 என்று படிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் குறைந்தது 100 மைக்ரோவினாடி விட்டு, பிறகு 1 எழுதி, 1 என்று படிக்கும்வரை மீண்டும் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் கோடெக்குகள் தம்மை அறிவிக்கக் குறைந்தது 521 மைக்ரோவினாடி கொடுக்க வேண்டும். இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 25 சட்டகங்களின் நேரம் அது. அதைக் கருத்துரையில் எழுதிவிட்டால் யாரும் 500 ஆக முழுமையாக்கிவிட மாட்டார்கள். நான் 1000 வைக்கிறேன்.

காத்திருக்கும் சுழல் ஒவ்வொன்றுக்கும் காலவரம்பு வையுங்கள். ஃபர்ம்வேர் அங்கே முடிவின்றி நின்றுவிட்டால் கணினி இயங்கவே தொடங்காது. ரீசெட்டுக்கு முன் ஸ்டேட்எஸ்டிஎஸ்-ஐயும் அழித்துவிடுங்கள். ஜிசிடிஎல் வழியாகச் செய்யும் ரீசெட் அதை அழிப்பதில்லை, பழைய மதிப்பு உங்களை ஏமாற்றும்.

8. பைனரி மாறவில்லை என்று காட்டுங்கள்

எண்ணை எடுத்துவிட்டு அதே மதிப்புள்ள பெயரை வைத்தால் கம்பைலர் தரும் பைனரி ஒரு பைட்கூட மாறக் கூடாது. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் கட்டி, இரண்டின் ஹாஷையும் ஒப்பிடுங்கள். கட்டிய நேரம் பைனரியில் பதிவானால் ஒப்பீடு பொய்யாகும். திறந்த மூல ஃபர்ம்வேரான கோர்பூட் போன்ற திட்டங்களில் நேரமுத்திரை இல்லாமல் கட்டும் விருப்பம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வரி எண்ணைப் பைனரியில் பதிக்கும் சோதனை வரிகள் இருந்தாலும் வேறுபாடு வரும்.

இதனால்தான் பெயர் மாற்றத்தையும் அகல மாற்றத்தையும் ஒரே பேட்ச்சில் போடக் கூடாது. முதல் பேட்ச்சில் பெயர் மட்டும்: ஹாஷ் அதேதான் என்று விளக்கத்தில் எழுதுங்கள், மறுஆய்வு விரைவில் முடியும். இரண்டாவதில் அகலத் திருத்தம்: அதைச் சோதித்துத்தான் ஏற்க முடியும். இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டிருந்ததால், எது ஒலியை நிறுத்தியது என்று பிரித்தறியவே மூன்று நாள் போயிற்று.

9. சோதனையும் செலவும்

முதல் சோதனைக்குக் கியூஎமு எமுலேட்டர் போதும். அதில் எச்டிஏ கன்ட்ரோலர் உண்டு, காசு வேண்டாம். ஆனால் காத்திருப்பு நேரம் பற்றாமல் போவதையோ, பக்கத்துப் பதிவகம் தற்செயலாக அழிவதையோ அது உண்மையான சிப் போலவே காட்டும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அகலத் திருத்தத்தை ஒருமுறையாவது நிஜப் பலகையில் ஓட்டுங்கள்.

பணம் செலவாகும் இடம் இது ஒன்றுதான். ஃபர்ம்வேர் தவறினால் அந்தப் பலகையால் தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாது. ஃப்ளாஷ் சிப்பை வெளியிலிருந்து எழுதும் கருவியும் அதற்கான கிளிப்பும் கையில் இருக்க வேண்டும். முதல் முறை எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் சேமித்து வையுங்கள்; கிளிப் சரியாகப் பொருந்தாதபோது படிப்பு ஒவ்வொரு முறையும் வேறாக வரும்.

பலகை இயங்கியதும் முதலில் ஒலியைத் தேடாதீர்கள். ஜிகேப்பைப் படித்து அச்சிடுங்கள். எல்லாப் பிட்டும் 1 என்று வந்தால் அடிப்படை முகவரியோ நினைவக அணுகல் பிட்டோ தவறு. அது சரி என்றால் ஸ்டேட்எஸ்டிஎஸ்-ஐ ரீசெட்டுக்குப் பின் ஒரு முறையும், வேக்என் எழுதிய பின் ஒரு முறையும் அச்சிடுங்கள். இரண்டாவது முறை சுழியம் வந்தால் மூன்றாம் படியில் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.